'நான்' என்பது எழுதியவர் அல்ல

சொற்களை அகரவரிசையில் அடுக்குவது பார்ப்பதற்குச் சின்ன வேலை. உட்கார்ந்து செய்தால்தான் முதுகு ஒடிவது தெரியும். 'திருப்பம்' என்று நான் வைத்திருந்ததைக் 'கதைத் திருப்பம்' என்று மாற்றிவிடுங்கள் என்று குழுவில் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். அது 'த'விலிருந்து 'க'வுக்குத் தாவும். இடையில் இருக்கிற அத்தனை பதிவுகளுக்கும் எண் மாற்ற வேண்டும். இந்த ஓராண்டில் இதைப் பதினொரு முறை செய்திருக்கிறேன். ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர், ஆத்திரத்திலோ அவசரத்திலோ எதையும் செய்கிற ஆள் நான் இல்லை. நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். நீங்களும் பெரிய மனதோடு தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நன்றி. வாயால் சொன்னால் உங்கள் எழுத்தர் 'ல'கரத்துக்கும் 'ள'கரத்துக்கும் சண்டை மூட்டிவிடுவார். சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

நான் மாலைநேரக் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புனைகதை வகுப்பு எடுக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டும் தற்காலிகப் பணி. பகலில் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள்தான் என் மாணவர்கள். பின்னல் என்றால் என்ன, நோக்குநிலை என்றால் என்ன, முன்னுணர்த்தல் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். இந்தச் சொற்களையெல்லாம் தொகுத்து ஒரு கையேடு தயாரிக்கும் பொறுப்பைப் பாடநூல் குழு போன ஆண்டு எனக்குத் தந்தது. எண்பத்து நான்கு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், ஓர் எடுத்துக்காட்டுப் பத்தி. ஏற்கெனவே வெளிவந்த கதைகளிலிருந்து எடுக்கக் கூடாது, உரிமைச் சிக்கல் வரும், பத்திகளைப் புதிதாக எழுத வேண்டும் என்றார்கள். அட்டையில் என் பெயர் இருக்கும். எனக்கு ஐம்பத்தாறு வயது. என் பெயர் இதுவரை எந்த அட்டையிலும் இருந்ததில்லை.

விளக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன். எடுத்துக்காட்டுகள்தான் காலை வாரிவிட்டன. இளவயதில் இரண்டு நாவல்கள் எழுதி, இரண்டும் பதிப்பகத்துக்குப் போன வேகத்தில் திரும்பி வரப் பார்த்தவன் நான். எண்பத்து நான்கு பத்திகளையும் எழுதி அனுப்பினேன். குழுவின் தலைவி என்னை அழைத்து, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"விளக்கமெல்லாம் அருமையா இருக்கு சார். ஆனா பத்திங்க எல்லாம் உப்புச் சப்பில்லாம இருக்கே. நாலு மாசம் டைம் தர்றோம். இல்லன்னா எடுத்துக்காட்டை மட்டும் வேற யாரையாவது வச்சு எழுதிக்கலாம். அட்டையில ரெண்டு பேரும் போட்டுக்கலாம்."

அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் புத்தகம் எனக்கு வேண்டும். கழுத்தளவு தண்ணீரில் நிற்பவனுக்கு மூச்சு எப்படி வேண்டுமோ அப்படி வேண்டும்.

அந்த வாரத்தில்தான் என் வகுப்பில் அவள் தன் முதல் பயிற்சியைக் கொடுத்தாள். விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். முப்பத்தொரு வயது. மற்றவர்களைவிட மூத்தவள் என்பதால் வகுப்பில் எல்லாருக்கும் அவள் 'லாண்டரி அக்கா'. முன்னுணர்த்தலுக்கு ஒரு பத்தி எழுதி வரச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் இடி, மின்னல், காக்கை என்று எழுதி வந்தார்கள். அவள் எழுதியது இது:

'ஞாயிற்றுக்கிழமை அவன் கடையிலிருந்து ஒரு தாழ்ப்பாள் கொண்டுவந்தான். வீட்டுக் கதவின் வெளிப்பக்கம் அதைப் பொருத்தினான். இவளுக்குத் தூக்கத்தில் நடக்கிற வியாதி, அதனால்தான் என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னான். பூட்டு வாங்கவில்லை. பூட்டு தேவையில்லை, யாரும் வந்து திறக்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். திருகாணியைக் கடைசிச் சுற்று முடுக்கும்போது அவன் மெல்ல விசில் அடித்தான்.'

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூட்டு வாங்கவில்லை என்ற அந்த ஒரு விவரத்துக்காக நான் என் இரண்டு நாவல்களையும் கொடுத்துவிடுவேன். அன்றே தட்டச்சு செய்து பதிவில் சேர்த்தேன். வகுப்பு நடைமுறையின்படி பயிற்சிகளை ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ளலாம். படிவத்தில் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு ஆண்டும் முதல் நாளே கரும்பலகையின் மேல் ஓரத்தில் அதை எழுதி, அழிக்காமல் வைத்திருப்பேன்: 'நான்' என்பது எழுதியவர் அல்ல. கதை சொல்லும் குரல் வேறு, எழுதிய ஆள் வேறு. ஒரு கதையைப் படித்துவிட்டு 'இது நிஜமா?' என்று யாராவது கேட்டுவிட்டால், அன்று வகுப்பு முடிந்ததும் அவர்தான் பலகையைத் துடைக்க வேண்டும். கேட்டவர் அசட்டுச் சிரிப்போடு எழுந்து போவார், மற்றவர்கள் கை தட்டுவார்கள். இந்த விதி இருப்பதால்தான் கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். அது நல்ல விதி. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்தடுத்த வாரங்களில் எனக்கு எந்தச் சொல்லுக்குப் பத்தி தேவையோ அந்தச் சொல்லையே பயிற்சியாகக் கொடுத்தேன். சூழலுக்கு, இரண்டாம் மாடியில் ஒற்றைச் சன்னல் உள்ள அந்த வீட்டை எழுதினாள். உரையாடலுக்கு, அவன் அவளுடைய கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் இடத்தை எழுதினாள். அவன் ஒரு சொல்கூடக் குரலை உயர்த்தவில்லை. முரண், ஆவல்நிலை, நோக்குநிலை எல்லாம் வந்தன. படர்க்கையில் எழுதிக்கொண்டிருந்தவள் நோக்குநிலைப் பயிற்சியிலிருந்து 'நான்' என்று எழுத ஆரம்பித்தாள். குழுத் தலைவியிடமிருந்து தொலைபேசி வந்தது. "சார், இப்பதான் சார் நீங்க எழுதுறீங்க" என்றார். நான் மறுக்கவில்லை. பத்திகளுக்கு அடியில் பெயர் போடும் வழக்கம் கையேடுகளில் இல்லை.

ஒருநாள் அச்சுப்படியை என் மனைவி எடுத்துப் பார்த்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். இலக்கியத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

"என்னங்க, யாருங்க இந்தப் பொண்ணு?" என்றாள்.

"பாத்திரம்."

"பாத்திரமாவது பண்டமாவது. இது அடி வாங்கின பொண்ணுங்க. தாடை வீங்கி எங்க கிளினிக்குக்கு வருவாங்க, கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரியாதா? நீங்க ஒரு வார்த்தை அவகிட்டக் கேளுங்க."

"கேட்டா நான் பலகை துடைக்கணும்" என்றேன், சிரித்துக்கொண்டே. அவள் சிரிக்கவில்லை. பிறகு இரண்டு மூன்று தடவை நச்சரித்தாள். விசாரித்தேன், கற்பனைதானாம் என்று சொல்லி வாயை அடைத்தேன். அது பொய் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அந்த வாரம் வகுப்பில் லாண்டரி அக்காவின் பத்தியை நானே வாசித்துக் காட்டினேன். முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"சார், இது கதை இல்ல சார்."

நான் பலகையின் மேல் ஓரத்தை விரலால் காட்டினேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. "அக்கா, நீங்களே மாட்டிக்கிட்டீங்களே" என்றார் ஒரு பேருந்து நடத்துநர். அவளும் சிரிக்க முயன்றாள். வகுப்பு முடிந்ததும் வந்து பலகையைத் துடைத்தாள். இடது கையால் துடைத்தாள். வலது கையை விலாவோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மேல் ஓரம் எட்டவில்லை. நான் மேசையில் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டேன். 'நுண்விவரம்' என்ற பதிவுக்கு அதுவரை எதுவும் இருக்கவில்லை.

துடைத்து முடித்துவிட்டு என் அருகே வந்தாள்.

"சார், அந்தப் பொண்ணு என்ன சார் பண்ணணும்?"

"எழுதுறவங்க பாத்திரத்தோட கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாதும்மா. அதுவா எங்க போகுதோ போகட்டும்."

தோள்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பிறகு, "இந்த நோட்டை நீங்களே வச்சுக்கிறீங்களா சார்? வீட்டுல பையெல்லாம் சோதிக்கிறாரு" என்றாள். வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். அதன் பிறகு வகுப்புக்கு அரைமணி நேரம் முன்னால் வந்து, ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டு, நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். உலகத்திலேயே பத்திரமான இடம் அந்த இழுப்பறைதான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

கெடு முடிய மூன்று வாரம் இருந்தபோது எண்பத்து மூன்று பதிவுகள் முடிந்துவிட்டன. மீதி இருந்தது ஒன்றே ஒன்று, உச்சக்கட்டம். அதை எழுதி வா என்றேன். அவள் எழுதிய கதையில் அந்தப் பெண் வியாழக்கிழமை காலை வேலைக்குப் போவதுபோல் கிளம்புகிறாள். சான்றிதழ்களைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசைத் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். பதினொரு மணிப் பேருந்தில் ஏறுகிறாள். வேறு ஊரில் அண்ணன் பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறான். அவ்வளவுதான். ஏறி உட்காருகிறாள், பேருந்து நகர்கிறது, கதை முடிகிறது.

எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கும் மேலாகப் பொத்திப் பொத்தி வளர்த்த கதை இப்படிப் புஸ்ஸென்று போனால் யாருக்குத்தான் மனசு ஆறும்? ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: 'மிக எளிது. தடை எங்கே?' அவளைக் கூப்பிட்டுச் சொல்லவும் செய்தேன். "உச்சக்கட்டத்துல ரெண்டு சக்தி மோதணும்மா. இவ சும்மா போயிடறா. அவன் எங்க போனான்?"

"அவனுக்குத் தெரியாது சார். தெரியாததாலதான் போக முடியுது."

"திருத்தி எழுது."

"திருத்த நேரமில்ல சார்" என்றாள். அவள் என்னை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை மாலை அவளுடைய கணவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். ஹார்டுவேர் கடையில் விற்பனையாளர். தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றார். மரியாதையான மனிதர்.

"வணக்கம் சார். வீட்டம்மா ஒழுங்கா படிக்கிறாங்களா?"

"நல்லா எழுதுறாங்க" என்றேன்.

"என்னதான் எழுதுறாங்கன்னு பாக்கலாமா சார்? நமக்கு அதெல்லாம் புரியாது. சும்மா ஒரு ஆசைதான்."

நோட்டு மேசைமேல் இருந்தது. அவர் எடுத்துப் பார்த்தார். நான் தடுக்கவில்லை.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தேன். மேலே எழுதிய மூன்று வாக்கியங்களும் சரியில்லை. அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகும் என்பதால் கீழே எழுதுகிறேன். நோட்டு மேசைமேல் இல்லை, இழுப்பறையில் இருந்தது. நான்தான் எழுந்து திறந்து எடுத்தேன். முதல் பக்கத்தைக் கொடுத்திருந்தால் அவர் நாலு வரி படித்துவிட்டு மூடியிருப்பார். நான் கடைசிக் கதையைப் பிரித்து, பக்கம் மூடிக்கொள்ளாமல் நடுவில் நீவிவிட்டு, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு படித்தார். வியாழக்கிழமை என்ற சொல் வந்த இடத்தில் விரல் நின்றது.

"நல்லா எழுதியிருக்காங்க சார்" என்றார். நோட்டை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு, கை கூப்பிவிட்டுப் போனார். உங்களிடம் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அந்தத் தெருவுக்குப் போனேன். ஏன் போனீர்கள் என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பார்க்கப் போனேன். இரண்டாம் மாடி, ஒற்றைச் சன்னல், எதிரே ஜெராக்ஸ் கடை என்று எழுதியிருந்தாளே, அதனால் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இருக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் கையேட்டின் இருபது பக்கங்களைக் கொடுத்து, நிதானமாகப் போட்டால் போதும் என்றேன். ஒன்பதே முக்காலுக்கு அவர் படியிறங்கி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சலவைக்கூடத்துக்குத்தான் போனார் என்று நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். சான்றிதழ்களை எடுக்கப் போயிருக்கிறார்.

பத்து மணிக்கு அவள் சன்னலுக்கு வந்தாள். முகத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பேருந்து நிலையம் இருக்கும் திசையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார்!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எந்தச் சொல்லின் கீழ் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "சார், கதவு! வெளிய தாழ்ப்பாள் போட்டிருக்கு சார்!"

எனக்குத் தெரியும். பூட்டு இல்லை என்பதும் தெரியும். இரண்டு மாடி ஏறி ஒரு தாழ்ப்பாளை இழுத்தால் போதும். பதினொரு மணிப் பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, நிலையம் நடக்கிற தூரம்தான். ஆனால் நான் போய்த் திறந்துவிட்டால் அது மறுபடியும் அதே கதைதானே? ஏறி உட்காருவாள், பேருந்து நகரும். நான் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். பொறு என்று காட்டக் கையைத் தூக்கினேன். அவள் அதை வா என்று எடுத்துக்கொண்டாள்.

சன்னலில் கம்பி இல்லை. காலை வெளியே போட்டு, தண்ணீர்க் குழாயைப் பிடித்தாள். முதல் மாடிக்கு மேலே வரும்வரை என்னைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கினாள். குழாய் சுவரைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் கத்திக்கொண்டு ஓடினார். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நானும் ஓடினேன். ஆறு வரிகள். குறிப்பேடு உங்கள் மேசையில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். நோட்டிலிருந்து எடுக்காமல், நானே எழுதியவை அவை.

ஆக, நோட்டை எடுத்துக் கொடுத்தது நான். வியாழக்கிழமை என்று தெரிந்தே கொடுத்தேன். என்ன நடக்கும் என்றும் தெரியும். கதைகளில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிக்கொடுப்பதுதானே என் பிழைப்பு. தாழ்ப்பாளைத் திறக்காமல் நின்றதும் நான்தான். இதில் எதையும் பூசி மெழுக விரும்பவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வந்த பெண் காவலர் உங்களிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. இடுப்பு முறிந்திருக்கிறதாம், ஆனாலும் பிழைத்துக்கொள்வாளாம். கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சார் எப்படி இருக்காரு? அந்த ஆளு அவரை ஒண்ணும் பண்ணிடலயே?" என்பதாம். என்னைக் காப்பாற்றத்தான் சார் வந்து நின்றார், இந்த ஊரில் எனக்காக வந்தவர் அவர் ஒருத்தர்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாளாம்.

அவளிடம் எதையும் சொல்லாதீர்கள், இன்ஸ்பெக்டர். வழக்கில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அவள் காதுக்கு மட்டும் போக வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான் கேட்கிறேன். தெரிந்துவிட்டால் அவள் இனி எனக்கு ஒரு வரிகூட எழுதித் தர மாட்டாள்.